துருசு அரசிடம், வாய்க்கால் எங்களிடம்: வன்னிக் கமக்காரர் முன்னுள்ள வழிகள்

கோடைப் பயிரான சிறுபோகத்துக்குத் திட்டமிடும் கூட்டம் நெருங்கும் நாட்களில், வன்னியின் பெரிய குளங்களுக்கும் நடுத்தரக் குளங்களுக்கும் கீழே கமம் செய்பவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரு கதை எழும்: "வாய்க்காலை நாங்களே பொறுப்பெடுத்தால் என்ன?" நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஆள் போதாது. வாய்க்காலில் புல் மண்டிக் கிடக்கிறது. கதவுக்குப் பூட்டு இல்லை. கடைசிக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. இந்தக் கோபத்தில்தான் அந்தக் கேள்வி பெரும்பாலும் பிறக்கிறது. கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தோடு கையெழுத்துப் போட்டு எடுக்கும் பொறுப்பு பிள்ளைகளின் காலத்துக்கும் தொடரும். எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது, எந்த நிபந்தனையோடு எடுப்பது என்று நிதானமாக யோசித்துவிட்டுத்தான் கூட்டத்தில் கை உயர்த்த வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளை வாய்க்காலையும் அதற்குக் கீழுள்ள வயல் வாய்க்கால்களையும் கமக்கார அமைப்புகள் எழுத்து ஒப்பந்தத்தோடும் பராமரிப்புக் காசோடும் பொறுப்பெடுக்க வேண்டும். குளக்கட்டு, மிகை நீர் வழியும் வான், தண்ணீர் திறந்துவிடும் துருசு (மதகு), பிரதான வாய்க்கால் ஆகியவை அரசிடமே இருக்க வேண்டும். துருசு எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும் என்ற முடிவில் மட்டும் கமக்காரருக்கு உறுதியான பங்கு வேண்டும். ஏன் இதைச் சொல்கிறேன் என்பதை மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

இப்போது எது யார் பொறுப்பு

80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. உண்மையில் அவற்றை நடத்துவது ஊர்க் கமக்காரர்தான். வன்னியெங்கும் சிதறிக் கிடக்கும் இப்படியான நூற்றுக்கணக்கான குளங்களில் துருசு திறப்பதும், கட்டில் பற்றை வெட்டுவதும், வான் அரித்தால் உரப்பையில் மண் கட்டி அடுக்குவதும் ஊரவர் வேலை. ஆகவே "கமக்காரரால் முடியுமா" என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் குளங்களைப் போய்ப் பார்க்கட்டும்.

அதற்கு மேற்பட்ட குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். அதிலும் இரண்டு வகை உண்டு. 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடியும் ஆறுகளின் குளங்கள் மாகாணத்தின் பொறுப்பாயின. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவும், முத்தையன்கட்டும், வவுனிக்குளமும் இந்த வகை. மாகாண எல்லை தாண்டி வரும் ஆற்றுத் தண்ணீர் மத்திய அரசின் கையில். மன்னாரின் கட்டுக்கரைக் குளம் அப்படியானது. அனுராதபுரம் வழியாக மல்வத்து ஓயாவாக இறங்கி அருவியாறாக வரும் தண்ணீர் தேக்கம் அணைக்கட்டில் திரும்பித்தான் கட்டுக்கரைக்கு வருகிறது. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

சட்டம் கமக்காரரை முற்றாக வெளியே வைக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், 1991இல் கமக்கார அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த திருத்தம், அதிகாரிகளும் கமக்காரரும் சேர்ந்திருக்கும் திட்ட முகாமைத்துவக் குழுக்களுக்கு இடம் தந்த 1994ஆம் ஆண்டுத் திருத்தம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுக்கும் முடிவுகள் (முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு எப்போது முடிய வேண்டும், எத்தனை மாத நெல், கடைசித் தண்ணீர் எப்போது) எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றன. கடதாசியில் இடம் இருக்கிறது. வாய்க்கால் கரையில் அதற்கு என்ன பெறுமதி என்பதுதான் கேள்வி.

பழைய ஏற்பாடு ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தபோது ஊர்கூடிக் குளம் திருத்தும் கட்டாயமும் கூடவே போனது. குளங்கள் பாழாகப் பாழாக, 1856இல் பழைய வழக்கங்களுக்குச் சட்ட உருவம் கொடுக்க வேண்டி வந்தது. பிறகு நெற்காணிச் சட்டம் 1958இல் ஊர்த் தண்ணீரை மேற்பார்த்த வட்டவிதானைமாரின் அதிகாரத்தை எடுத்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் கொடுத்தது. வட்டவிதானை முறையில் பாரபட்சம் இருந்தது, அதை ஒழித்தது சரிதான். ஆனால் அவர் செய்த வேலையை, விடியப்புறம் எழும்பி வாய்க்கால் வழியே நடந்து எங்கே உடைப்பு என்று பார்க்கும் வேலையை, குழுவில் யார் செய்வது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதிகாரம் கைமாறியது, வேலை கைமாறவில்லை. இன்று பேசும் கைமாற்றமும் அப்படி முடியக்கூடும் என்பதுதான் என் முதல் கவலை.

இருப்பதை இருந்தபடி விடுதல்

இதற்கும் நியாயம் உண்டு. கமக்காரர் தண்ணீருக்கென்று பெரிதாகக் காசு கட்டுவதில்லை. 1984இல் பெரிய திட்டங்களின் கீழ் ஏக்கருக்கு 100 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் அறிமுகமானது. தொடக்கத்தில் ஓரளவு சேர்ந்த காசு வருடத்துக்கு வருடம் குறைந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ நின்றுபோனது. கட்டிய காசு தன் வாய்க்காலுக்கு வருகிறது என்று கண்ணால் காணாதவர் அடுத்த போகம் ஏன் கட்டப் போகிறார்?

ஆனால் இலவசத் தண்ணீர் என்பது வாய்க்காலின் தலைப்பில், அதாவது தொடக்கத்தில், காணி உள்ளவருக்குத்தான் இலவசம். கடைசிக் காணிக்காரர் வேறு விதத்தில் விலை கொடுக்கிறார். பயிர் கதிர் தள்ளும் முன் குடலையில் நிற்கும்போது முறைத் தண்ணீர் வராவிட்டால் மோட்டர் வாடகைக்கு எடுத்துக் கழிவு வாய்க்காலில் இருந்து இறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இராவிராவாக ரோச் லைட்டோடு வாய்க்கால் கரையில் காவல் இருக்க வேண்டும். தன் முறை வரும்போது மேலே யாரோ பலகையை இழுத்துவிட்டிருப்பார், அதைத் தேடி இரண்டு மைல் நடக்க வேண்டும். எந்த வரவுசெலவுக் கணக்கிலும் இந்தச் செலவு வராது. வந்தால் "அரசு பார்த்துக்கொள்கிறது" என்ற வசதி எவ்வளவு விலை கூடியது என்று தெரியும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆட்குறைப்பும் காசுக்குறைப்பும் இப்படியே போனால், இருப்பதை இருந்தபடி விடுவதற்கே இன்னும் சில வருடங்களில் எதுவும் மிஞ்சாது.

முழுக் குளத்தையும் எடுத்தல்

மறு கரையில் நிற்பவர்கள் துருசு முதல் வயல் வரை எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சம்மேளனமாகவோ கமக்காரர் பங்குதாரராக இருக்கும் கம்பனியாகவோ நடத்தலாம் என்கிறார்கள். இலங்கையிலேயே முன்மாதிரி உண்டு. குருநாகல் மாவட்டத்து ரிதி பெந்தி எலத் திட்டத்தில் 1990களின் இறுதியில் கமக்காரர் கம்பனி அமைத்து, விதைநெல், பசளை, நெல் வியாபாரத்தோடு நீர் முகாமையையும் சேர்த்து நடத்தத் தொடங்கினார்கள். வியாபார இலாபத்தில் வாய்க்காலைத் திருத்துவது என்ற யோசனை கவர்ச்சியானது. ஆனால் நெல் விலை சரிந்த வருடத்தில் கம்பனிக்கு நட்டம் வந்தால், அந்த வருடம் வாய்க்காலும் கைவிடப்படும். தண்ணீர்ப் பங்கீட்டை வியாபாரத்தின் நல்லது கெட்டதோடு கட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டு உதாரணமாக மெக்சிகோவைக் காட்டுகிறார்கள். அங்கே 1990களின் தொடக்கத்திலிருந்து சில வருடங்களுக்குள் அரச பாசனத் திட்டங்களின் பெரும்பகுதி பாவனையாளர் சங்கங்களிடம் போனது உண்மை. ஆனால் இரண்டு விசயங்கள் கூடவே சொல்லப்படுவதில்லை. அங்கே ஒரு சங்கத்தின் கீழ் ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் இருந்தது. சந்தைக்குப் பயிர் செய்யும் பெரிய பண்ணைகள் கட்டணம் கட்டின, சங்கங்கள் சம்பளத்துக்குப் பொறியியலாளரையே வைத்தன. இரண்டு, மூன்று ஏக்கர் காணிக்காரரைக் கொண்ட எங்கள் அமைப்புகளால் அது இயலாது. இரண்டாவது, அங்கேயும் அணைகளை ஒப்படைக்கவில்லை. அவை தேசிய நீர் ஆணைக்குழுவின் பொறுப்பிலேயே இருந்தன. முழுக் கைமாற்றத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் நாடே நீர்த்தேக்கத்தை அரசிடம் வைத்திருந்தது.

ஏன் என்பதற்கு வன்னியே சாட்சி. 2018 டிசம்பர் தொடக்கத்தில், புனரமைப்பு முடிந்து நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்ட இரணைமடு திறந்து வைக்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் கொட்டிய மழையில் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியின் தாழ்ந்த ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகள் எப்போது திறக்கப்பட்டன, முன்னரே திறந்திருக்கலாமா என்ற விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. அந்த இரவில் கதவுக்குப் பொறுப்பாக ஒரு கமக்கார சம்மேளனம் இருந்திருந்தால்? முந்தித் திறந்து பிறகு மழை விட்டுவிட்டால் சிறுபோகத் தண்ணீரை வீணாக்கியவர்கள் என்று சொந்த அங்கத்தவரே ஏசுவார்கள். பிந்தித் திறந்தால் வெள்ளத்துக்குக் காரணம். குளம் நிரம்பி இருப்பதில் நேரடி நலன் உள்ள ஒரு தரப்பிடம் வெள்ளக் கதவை ஒப்படைப்பது அந்தத் தரப்புக்கும் அநியாயம், கீழே இருக்கும் சனத்துக்கும் அநியாயம். கீழே இருப்பவர்களில் பலர் அந்தக் குளத்தில் ஒரு துளி பாய்ச்சாதவர்கள்.

கட்டுக்கரையில் இன்னொரு காரணம் உண்டு. அதன் தண்ணீர் மேலே வேறு மாகாணத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அருவியாற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மறிக்கலாம் என்று பேச கட்டுக்கரையின் கீழ் பாய்ச்சும் முருங்கன் கமக்காரர் எந்த மேசையில் போய் உட்காருவது? அரசுக்கும் அரசுக்கும் இடையில் நடக்க வேண்டிய பேச்சு அது. குளக்கட்டு, துருசு போன்ற தலைமை வேலைகளைக் கையில் எடுத்தால், அந்தப் பேச்சை நடத்தும் கடமையிலிருந்து அரசை நாங்களே விடுவித்தவர்களாவோம்.

வாய்க்காலை மட்டும் எடுத்தல்

எனவே பேச்சு கிளை வாய்க்காலுக்கு வருகிறது. இலங்கையின் கொள்கையும் இதுதான். 1988இல் அரசு பங்கேற்பு முகாமைத்துவத்தை ஏற்று, கிளை வாய்க்காலுக்குக் கீழுள்ளவற்றைக் கமக்கார அமைப்புகளிடம் விடவும், அப்படிப் பொறுப்பெடுப்பவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணத்தை விலக்கவும் முடிவெடுத்தது. தெற்கில் இது நடைமுறைக்கு வந்த வருடங்களில் வன்னி போருக்குள் இருந்தது. அதனால் அங்கே முப்பது வருடமாகச் சரி பிழை பார்த்துப் பழகிய விசயத்தை நாங்கள் மீள்குடியேற்றத்துக்குப் பிறகுதான் தொடுகிறோம். பிந்தி வருவதில் ஒரு நன்மை உண்டு. அவர்களின் அனுபவம் கண்முன் இருக்கிறது.

முதல் அனுபவம் அம்பாறையின் கல்லோயா இடதுகரை. 1981 தொடக்கம் கொழும்பின் கமத்தொழில் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை ஊர்களில் தங்கவைத்தன. அவர்கள் முதலில் சங்கம் பதியவில்லை, தலைவரைத் தெரிவுசெய்யவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் பாயும் பத்திருபது பேரைக் கூட்டி, "இந்தக் கிழமை எதைச் செய்யலாம்" என்று கேட்டார்கள். வாய்க்கால் துப்புரவு, முறை வைப்பு, மிச்சத் தண்ணீரைக் கீழே விடுதல் என்று வேலை நடந்தது. தலைப்பில் சிங்களக் கமக்காரர், கடைசியில் தமிழ்க் கமக்காரர் இருந்த வாய்க்கால்களிலும் தண்ணீர் கீழே போனது, அதுவும் அந்தக் காலத்தில். வேலை முதலில், சங்கம் பிறகு என்ற அந்த வரிசைதான் அதன் பலம் என்று நினைக்கிறேன்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆந்திரா இருக்கிறது. 1997இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, ஒரே தடவையில் 10,000க்கு மேற்பட்ட நீர்ப் பாவனையாளர் சங்கங்களுக்குத் தேர்தல் வைத்தார்கள். திருத்த வேலைக் காசு வந்த வரைக்கும் சங்கங்கள் ஓடின. காசு சுருங்கியதும் பல சங்கங்கள் சோர்ந்தன, அடுத்த தேர்தல்கள் இழுபட்டன. எங்களிடமும் மானியப் பசளைக்குக் கடிதம் எடுக்க மட்டும் அங்கத்தவரானவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது அனுபவம் இன்னும் முக்கியமானது. கொழும்பைத் தளமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இலங்கையின் கைமாற்றப்பட்ட திட்டங்களையும் கைமாற்றப்படாதவற்றையும் ஒப்பிட்டு 1999இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைமாற்றியதால் மட்டும் விளைச்சல் கூடவில்லை. புனரமைக்கவும் பட்டு, கைமாற்றவும் பட்ட திட்டங்களில்தான் முன்னேற்றம் தெரிந்தது. உடைந்த வாய்க்காலை ஒப்படைத்தால் உடைவைத்தான் ஒப்படைக்கிறார்கள். இரணைமடுவில் 2012க்குப் பிறகு சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு நடந்த புனரமைப்பு அந்த வகையில் ஒரு வாய்ப்பு. திருத்திய வாய்க்கால் நன்றாக இருக்கும்போதே பொறுப்பெடுக்க வேண்டும். இன்னொரு பத்து வருடம் கழித்து, கொங்கிறீற் வெடித்து அரித்த பிறகு எடுப்பதில் பயனில்லை.

காசுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஒரு கிளை வாய்க்காலின் கீழ் 300 குடும்பம், ஆளுக்கு 3 ஏக்கர், மொத்தம் 900 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மாரிப் பயிரான காலபோகத்தில் ஏக்கருக்கு அரை மூட்டை நெல் அமைப்புக்கு என்று தீர்மானித்தால், 65 கிலோ மூட்டையில் பாதி 32.5 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நாட்டு நெல் கொள்வனவு விலை கிலோ 120 ரூபாய். ஏக்கருக்கு 3,900 ரூபாய், மொத்தம் 35 இலட்சத்துக்கு மேல். சந்தை விலை அதற்குக் கீழே போனாலும், ஒருவர் கொடுக்காமல் விட்டாலும், பாதிக் காசு சேரும் என்று வைப்போம். வாய்க்கால் துப்புரவுக்கு சில நாள் பெக்கோ இயந்திரம், கதவுகளுக்கு வெல்டிங், தண்ணீர் விடும் இரண்டு பேருக்குப் போகக் கூலி இவற்றை அது தாங்கும். ஒரு பாலம் இடிந்தாலோ, வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போனாலோ தாங்காது. அப்படியானால் எல்லைக்கோடு தெரிகிறது: வழமையான பராமரிப்பு அமைப்புடையது, வெள்ளச் சேதமும் கட்டட வேலையும் அரசுடையது. இந்த வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் முதல் மாரியிலேயே இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கைகாட்டும்.

நெல்லாக அறவிடுவதை நான் விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. விலை ஏறினாலும் இறங்கினாலும் கட்டணத்தை ஒவ்வொரு போகமும் திருத்தத் தேவையில்லை. களத்திலேயே வாங்கிவிடலாம், "பிறகு தாறன்" என்ற பேச்சுக்கு இடம் குறையும்.

யார் அங்கத்தவர்?

கைமாற்றம் பற்றிய கடதாசிகளில் "கமக்காரர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வன்னியில் அது முடியாது. காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ ஒருவர் பெயரில், அவர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ. விதைப்பவர் குத்தகைக்காரர். கூட்டத்துக்குக் கடிதம் உரிமையாளருக்குப் போகிறது. மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டியவர் குத்தகைக்காரர். தன் பெயர் இல்லாத அமைப்புக்கு அவர் ஏன் நாள் ஒதுக்க வேண்டும்? அடுத்த வருடம் அந்தக் காணி அவரிடம் இருக்குமோ என்றே தெரியாது.

போருக்குப் பிறகு கணவன் இல்லாமல் கமம் செய்யும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அனுமதிப் பத்திரம் இறந்தவர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டவர் பெயரில் கிடக்கிறது. சிரமதானத்துக்கு ஆள் வராவிட்டால் தண்டப் பணம். அவர் கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புகிறார், அதற்கும் காசு. இராத்திரித் தண்ணீர் முறை விழுந்தால் தனியே வாய்க்காலுக்குப் போக முடியாது, அதற்கும் ஆள். இத்தனைக்கும் கூட்டத்தில் அவருக்கு வாக்கு இருக்கிறதா என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். பயிர் செய்பவரே அந்தப் போகத்தின் அங்கத்தவர் என்றும், பெண்கள் செய்யும் காணிகளுக்குப் பகல் முறை முன்னுரிமை என்றும் யாப்பில் எழுதாமல் பொறுப்பை எடுத்தால், அரச அலுவலகத்தின் பாராமுகத்துக்குப் பதிலாக அயலவரின் பாராமுகம் வரும். அது இன்னும் வலிக்கும்.

சிறுபோகத்தில் இந்தப் பிரச்சினை உச்சத்துக்குப் போகும். குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டம் தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் விகிதப்படி பங்கு. பாய்ச்ச வசதியான ஒரு துண்டில் எல்லோரும் சேர்ந்து விதைக்க வேண்டும். அப்போது தலைப்புக் காணிக்காரர் தன் வயலில் மற்றவருக்கு இடம் விட வேண்டும். பழைய வழக்கம் இது, அழகான வழக்கமும்கூட. ஆனால் ஒருவர் தன் பங்குக்கு மேல் அரை ஏக்கர் விதைத்துவிட்டால்? பயிர் முளைத்த பிறகு அதற்குத் தண்ணீர் விடாதே என்று அமைப்பின் தலைவர் எப்படிச் சொல்வார்? விதைத்தவர் மச்சானாக இருப்பார், அல்லது நாளைக்கு உழவு இயந்திரம் இரவல் கேட்க வேண்டியவராக இருப்பார். ஒரு வாய்க்கால் கதவடியில் கேட்ட கதை இது. அமைப்பின் இளம் செயலாளர் புதுப் பூட்டோடு நிற்கிறார். மூத்த கமக்காரர் ஒருவர் சொல்கிறார்:

"தம்பி, பூட்டுப் போடுறது பெரிய வேலையில்லை. திறப்பு ஆரிட்ட இருக்கிறது எண்டதுதான் பிரச்சினை."

"நீங்களே வைச்சிருங்கோ ஐயா. உங்கட சொல்லைச் சனம் கேக்கும்."

"என்ர மருமோன்ர காணி தலைப்பில கிடக்குது. நான் வைச்சிருந்தால் நேர்மையா விட்டாலும் கதைப்பினம். கடைசிக் காணிக்காரன் ஒருத்தனிட்டக் குடு. தண்ணி அவனிட்டப் போய்ச் சேர்ந்தால் எல்லாரிட்டையும் போய்ச் சேர்ந்த மாதிரித்தான்."

இதைவிட நல்ல விதியை எந்த நிபுணர் அறிக்கையிலும் நான் காணவில்லை. இருந்தாலும் மேலதிக விதைப்புக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை அமைப்பிடம் மட்டும் விடக் கூடாது. முறையை வைப்பதும் பிழையைப் பதிவதும் அமைப்பின் வேலையாக இருக்கட்டும். வழக்குப் போடுவது அரசின் வேலையாக இருக்கட்டும். உறவும் அயலும் கலந்த ஊரில் தண்டிப்பவர் வெளியே இருந்து வருவதே அமைப்பை உடையாமல் காக்கும்.

மேசையில் ஓர் இருக்கை

கிளை வாய்க்காலை எடுப்பது மட்டும் போதாது என்பதற்கு இரணைமடுவே காரணம். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்த யாழ்ப்பாணம்–கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் இரணைமடுத் தண்ணீரை நம்பித்தான் வரையப்பட்டது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். இருபக்கமும் மனம் நொந்த நீண்ட இழுபறிக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கான வழி தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிப்பது என்று மாறியது. குடிநீர் கேட்டவர்களின் தாகமும் உண்மை, சிறுபோகத்தை இழக்கப் பயந்தவர்களின் பயமும் உண்மை. கமக்காரரைத் திட்டம் வரையும் மேசையில் முதலே உட்காரவைத்திருந்தால், குளத்தில் எத்தனை அடி இருக்கும்போது யாருக்கு எவ்வளவு என்று வருடக் கணக்குகளை விரித்துவைத்துப் பேசியிருக்கலாம். அதனால்தான் திட்ட முகாமைத்துவக் குழு என்ற கூட்டு ஏற்பாட்டைத் தனி வழியாக நான் பார்க்கவில்லை. வாய்க்காலை எடுப்பதோடு சேர்ந்து வர வேண்டிய மறுபாதியாகவே பார்க்கிறேன். அதிகாரிகள் சொல்லக் கமக்காரர் தலையாட்டும் கூட்டமாக அது இருந்தால் பயனில்லை. குளத்தின் நீர்மட்டமும் துருசு திறந்த அளவும் கிழமைக்குக் கிழமை எல்லா அமைப்புகளுக்கும் தெரிய வேண்டும். இன்றைக்கு ஒரு வட்ஸ்அப் குழுவே அதற்குப் போதும்.

அதைவிட அவசியமானது அளவு. கிளை வாய்க்காலின் தலைப்பில் அடி, அங்குலம் கீறிய அளவுப் பலகை ஒன்று நட்டிருக்க வேண்டும். முறை நாட்களில் அந்தப் பலகையில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்று திணைக்களம் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் வாய்க்காலைப் பொறுப்பெடுத்தால், மேலே தண்ணீர் குறைந்தாலும் கீழே குற்றம் அமைப்பின் தலையில் விழும். கடைசிக் காணிக்காரர் செயலாளரின் வீட்டுப் படலையில் வந்து நிற்பார், செயலாளரிடம் காட்ட ஒரு இலக்கமும் இருக்காது. அளவு இருந்தால் கேள்வி சரியான இடத்துக்குப் போகும்.

எல்லாக் கிளை வாய்க்கால்களையும் ஒரே போகத்தில் எடுக்கவும் வேண்டாம். ஏற்கனவே தாங்களாகச் சேர்ந்து துப்புரவு செய்யும் பழக்கமுள்ள வாய்க்கால் ஒன்றிரண்டில் தொடங்கலாம். ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு இருக்கட்டும். திணைக்களம் அளவுப்படி தண்ணீர் தராவிட்டால் அமைப்பு பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கவும், அமைப்பு கணக்குக் காட்டாவிட்டால் திணைக்களம் திருப்பி எடுக்கவும் அதில் வழி வேண்டும். காலபோக அறுவடை முடிந்து வாய்க்கால் வற்றிக் கிடக்கும் நாட்களில் பொறியியலாளரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் அமைப்பின் ஆட்களும் தலைப்பிலிருந்து கடைசி வரை நடந்து, எந்தக் கதவு துருப்பிடித்தது, எந்த இடத்தில் கரை சரிந்தது, எங்கே குழாய் போட்டுக் களவாக எடுக்கிறார்கள் என்று பழுதுப் பட்டியல் எழுத வேண்டும். அதில் எவற்றை ஒப்படைக்கும் முன் திணைக்களம் திருத்தும் என்பதற்குத் திகதி போட்டு இரு தரப்பும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு பிரதி பொறியியலாளர் அலுவலகத்திலும் ஒன்று கமநல சேவை நிலையத்திலும் இருக்கட்டும். மூன்றாவதை ஊர்ப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டினால், குத்தகைக்கு விதைப்பவரும் அதை வாசித்துக்கொள்ளலாம்.